கடலுக்குப் போகும் குழாய்

திருப்பூர் மக்களுக்கும், நாட்டை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் கடல்களுக்கும் அறிவிக்கப்பட்டது யாதெனில், சாயப்பட்டறைக் கழிவுநீர் இனி நொய்யலில் விழாது. குழாய் வழியே நேராகக் கீழைக் கடலுக்குப் போகும். ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் இதை அறிவித்தவர் பட்டறை முதலாளி நாச்சிமுத்து. கடல்களின் சார்பில் யாரும் வரவில்லை. குழாய் போய் முடியும் முகத்துவாரத்து ஊரிலிருந்து ஐந்து மீனவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் குழாய்.

ஐவரில் ஒருவன் பாண்டித்துரை. நாச்சிமுத்துவிடம் பாய்லர் பார்க்கும் ராக்கையாவின் மைத்துனன். அதனால்தான் ராக்கையாவுக்கு இன்று வெள்ளைச் சட்டையும் மேடையில் நாற்காலியும்.

"சாயத்த முழுக்க எடுத்தர்றோமுங்க. மிஞ்சறது வெறும் உப்புங்க. உப்பு கடலோட பொண்ணு. பொறந்த ஊட்டுக்கு அனுப்பி வெக்கறோம், அவ்ளோதானுங்க," என்ற நாச்சிமுத்து, தன் உவமையில் தானே நெகிழ்ந்து துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

மேசையில் ஒரு கண்ணாடிப் பாட்டில், 'சுத்திகரித்த நீர்' என்ற சீட்டோடு. காலையில் பட்டறையிலிருந்து வந்த நீர் கட்டஞ்சாயா நிறத்தில் இருந்ததால் அதைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரை ஊற்றியது ராக்கையாதான். ஊற்றச் சொன்னது முதலாளி. "யாராச்சும் குடிக்கச் சொன்னா, மூஞ்சியச் சுளிச்சு உப்புன்னு சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றும் சொல்லியிருந்தார்.

பாண்டித்துரை எழுந்தான். "எறா குஞ்சு வளர்ற எடம்யா அது. எங்க மச்சான் குடிச்சுச் சொல்லட்டும். அவரு பேச்சுக்கு ஊரு கட்டுப்படும்."

"குடி கண்ணு," என்றார் நாச்சிமுத்து. உதடு மட்டும் சிரித்தது.

ராக்கையா குடித்தான். தண்ணீருக்கு அவன் பயப்படவில்லை, அது நல்ல கம்பெனிக் கேன். தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மைத்துனனின் கண்ணுக்குத்தான் பயந்தான். உப்பு என்றால் குழாய் வந்துவிடும், இவன் வலை போச்சு. இல்லை என்றால் தன் வேலை போச்சு. முகத்தைச் சுளித்துப் பார்த்தான். வரவில்லை.

"எப்பிடி இருக்கு மச்சான்?"

முதலாளியின் செருப்பு மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது.

"இனிக்குது மாப்ள."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மண்டபமே தட்டியது. பாண்டித்துரை மட்டும் தட்டவில்லை.

"அப்ப அந்த உப்புப் பொண்ணு எங்கய்யா?" என்று நாச்சிமுத்துவைக் கேட்டுவிட்டு, ஐந்து பேரும் வெளியே நடந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பாய்லருக்கு வேறு ஆள்.