சுக்கு பிஸ்கட் வீடு

“ஏத்தா, நீ வீடு கட்டுவியா?” என்று சந்திரவல்லி அக்கா கேட்டபோது, நான் அவள் பேக்கரியின் பின்கட்டில் கேக் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினாள். படத்தில் பழுப்பாக ஒரு வீடு. கூரையிலிருந்து வெள்ளைச் சீனி வழிந்து உறைந்திருந்தது. சுவர், கதவு, வேலி எல்லாமே இஞ்சி பிஸ்கட். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்துப் பங்களாவில் விருந்தாளிகளுக்கு அறை விடும் சுசித்ரா அம்மா, கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்க இப்படி ஒன்று கேட்டிருந்தார். தின்கிற பண்டத்தில் ஒரு வீட்டைக் கட்டி, அதைத் தின்னாமல் சுற்றி உட்கார்ந்து வேறு எதையோ சாப்பிடுவார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

“எனக்கு கேக்குதான் தெரியும், கொத்தனார் வேல தெரியாது. ஒனக்குக் கோலத்துல பூப்போடுற கை. இது நின்னுச்சுன்னா நீ தட்டுக் கழுவ வேணாம், அடுப்படியில சம்பளத்துக்கு நிக்கலாம். ஒங்கப்பன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாக?”

“மொதல்ல நிக்கட்டும், பாப்போம்னாரு.”

அப்பா அதே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கிறார். அம்மா இல்லை. நான் போடியில் சித்தி வீட்டில் இருக்கிறேன். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அப்படியே ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அன்றிலிருந்து என்னைத் தோட்ட வேலைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அப்பாவின் பேச்சு. பொங்கல் கழிந்ததும் வருவாள் என்று கங்காணியிடம் சொல்லியும் விட்டார்.

கருப்பட்டிப் பாகில் சுக்குப்பொடி போட்டு மைதாவைப் பிசைந்தேன். அட்டையில் வெட்டிய அளவுக்குச் சுவர்களை அறுத்துச் சுட்டேன். ஆறியதும் நான்கையும் சும்மா சாய்த்து நிறுத்திப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் இருட்டு சேர்ந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் வெறும் மேசையாகக் கிடந்த இடத்தில் இப்போது ‘உள்ளே’ என்று ஒன்று இருந்தது. வாசல் ஓட்டை வழியாக விரலை விட்டேன். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

துண்டுகளைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேலையாட்கள் போகும் ஜீப்பில் ஏறினேன். டிரைவர் சின்ராசு அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

“என்னாத்தா மடியில, புள்ளைய வச்ச மாதிரி வச்சிருக்க?”

“வீடுண்ணே.”

“வீடா? பட்டா வாங்கிட்டியா?”

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வளைவுக்கு வளைவு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பங்களாவில் போய்த்தான் அந்தத் தப்பைச் செய்தேன். பேக்கரியில் பிஸ்கட்டை எப்போதும் காற்றாட விரித்துத்தான் வைப்போம். அதே பழக்கத்தில் துண்டுகளை ஜன்னலோரம் பரப்பிவிட்டு, பிஸ்கட் வீட்டின் ஜன்னல் கண்ணாடிக்குச் சீனி உருக்கப் போனேன். திரும்பி வந்தபோது மலைமேலிருந்து மூடுபனியாக மஞ்சு இறங்கி அறைக்குள் நின்றிருந்தது. கூரைத் துண்டைத் தூக்கினேன். ஊறிய தோசை போல என் கையில் தொங்கியது.

சுசித்ரா அம்மா எட்டிப் பார்த்தார். “பரவாயில்லம்மா. முடியலேன்னா சொல்லிரு, நான் பூச்சாடி வச்சுக்கறேன்.”

மஞ்சில் கிடந்த ஏலக்காயும் இப்படித்தான் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஸ்டோர் சூட்டில் வைத்தால் மறுபடி காயும். நான் பிறந்ததே அந்த ஸ்டோருக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில். துண்டுகளைக் கம்பிவலைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அங்கே ஓடினேன். அப்பா அடுப்புக்கு முன் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இத உள்ள வைக்கணும்ப்பா.”

“காய் அரை ஈரத்துல கெடக்கு. இப்பத் தொறந்தா சூடு போயிரும், பச்சை வெளுத்துரும். வெளுத்த காய எவன் எடுப்பான்? போத்தா, போயிச் சோலியப் பாரு.”

நான் போகவில்லை.

“கதவத் தொறங்கப்பா.”

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார்.

“இது நிக்காட்டி நீ இங்கிட்டு வந்துருவ.”

“ஆமா.”

“நின்னுருச்சுன்னா?”

“வர மாட்டேன்.”

அவர் கையிலிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார். “வெரசா கொண்டா.” வெப்பம் வெளியேறாதபடி சாக்கை விரித்து வாசலை மறைத்துக்கொண்டார். அவர் கைக்கடியில் குனிந்து உள்ளே போனேன். அடுக்கடுக்காகப் பச்சைக் காய்கள். மூச்சு முட்டும் வாசனை. அவற்றுக்கு நடுவில் என் சுவர்களை வைத்துவிட்டு வந்தேன்.

பொழுது சாயும்போது எடுத்தேன். தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கேட்டது. முட்டை வெள்ளையில் சீனிமாவைக் குழைத்து ஒட்டினேன். கூரை விளிம்பில் சீனியை வழியவிட்டேன். உருக்கிய சீனி ஜன்னல்களைப் பொருத்தி, உள்ளே சின்ன பேட்டரி விளக்கைப் போட்டேன். சுசித்ரா அம்மா அறை விளக்கை அணைத்தார்.

ஜன்னல்கள் தேன் நிறத்தில் எரிந்தன. உள்ளே யாரோ அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்ததைப் போல இருந்தது. சுக்கு வாசனையோடு ஏலக்காய் வாசனையும் கலந்து வந்தது. மாவில் நான் ஏலக்காய் போடவே இல்லை. விருந்தாளிகள் நாற்காலியை இழுத்த கையோடு நின்றுவிட்டார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. என் கையால் செய்ததுதான். ஆனாலும் அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார், தலையில் குளிருக்குப் போட்ட சாக்கோடு. சுசித்ரா அம்மா, “வாங்க கன்னையன், உங்க மக கட்டுனதப் பாருங்க,” என்றார். அவர் சாக்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் மேசையருகில் வந்தார். குனிந்து ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மஞ்சள் வெளிச்சம் அவர் கன்னத்து நரைமுடியில் ஏறியது. சுவரைத் தட்டிப் பார்க்க விரல் போனது; தொடுவதற்குள் மடங்கிக்கொண்டது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து, என்னைப் பார்த்து, “நின்னுருச்சுத்தா,” என்றார். பிறகு வந்த வழியே இறங்கினார். அவர் கை டார்ச்சு, ஸ்டோருக்குப் போகும் பாதையில் மஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்துக்கொண்டே போனது.