காயலோரத்துப் பதினொரு கிலோமீட்டர்

காயல் சரணாலயத்தின் காவலர்தான் எனக்கு அந்தக் கரைப் பாதையைக் காட்டினார். பறவைகள் முட்டையிடத் தொடங்கும்வரை சைக்கிளில் போய் வரலாம், ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சரி என்றேன். அன்று மாலையே எங்கள் சைக்கிள் குழுவின் பக்கத்தில், ‘வண்டி இரைச்சலே இல்லாத பதினொரு கிலோமீட்டர்’ என்று வரைபடத்தோடு போட்டேன். முந்நூறு பேர் பாராட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது பாதையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அதற்கப்பால் மணல் முழுக்க டயர்த் தடங்கள். காவலர் குனிந்து உடைந்த முட்டை ஓடுகளை ஒரு டப்பாவில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமை கல்யாணக் கூட்டம் மாதிரி சைக்கிள்காரங்க வந்து இறங்கிட்டாங்க. எவனோ புண்ணியவான் நெட்டுல போட்டுட்டானாம்."

"யாருன்னு தெரிஞ்சுதா அண்ணே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்தது.

"தெரியலை. நீதான் வழி காட்டியிருப்பேன்னு அதிகாரி என்னைப் போட்டுக் குடையுறாரு. வேலையே போயிடும் போல. ஒரே ஒருத்தருக்குத்தான் காட்டினேன், அவரு அப்படிப்பட்டவர் இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருக்கேன்."

சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"அண்ணே, போட்டது நான்தான்."

அவர் திட்டவில்லை. டப்பாவை மெதுவாக மூடினார்.

"அதிகாரி மூணு மணிக்கு வருவாரு. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, சார்."

அவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. மூன்று மணி வரை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.