மக்டாரா என்று யாரும் கூப்பிடவில்லை

டெலியா கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரி பாபின் ஏணிமேல் நின்றுகொண்டு, பின்கட்டில் இருந்த தன் புருஷனிடம், "அந்த மாவு மூட்டைய மக்..." என்று ஆரம்பித்தாள். கதவு மணி அடித்ததும் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் மீதியை அப்படியே விழுங்கிவிட்டு, "தபால்காரருக்கு எடுத்து வைய்யி" என்று முடித்தாள். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் முகம் சிவந்துவிட்டது. டெலியா ஒன்றும் கேளாதவள்போல் முட்டை அடுக்கைத் திறந்து, எதுவும் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஆறு வருஷமாக இப்படித்தான். இந்தக் கடலோர ஊரான கார்னாவில் ஒரு காலத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மக்டாராமேல் விழும். எதிரே தெரியும் தீவின் துறவி பெயர் அது. வெளியூரில் சொன்னால் இரண்டாம் தரம் கேட்பார்கள், எழுதிக் காட்டச் சொல்வார்கள். இந்தக் கடற்கரையைத் தாண்டி அது போனதேயில்லை. இங்கேயோ பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். பிரித்துச் சொல்ல ஒவ்வொருவனுக்கும் அப்பன் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். டெலியாவின் மகன் மக்டாரா ஃபெஸ்டி. பத்தொன்பது வயதில், கடலில் போட்டிருந்த நண்டு பிடிக்கும் கூடுகளை எடுக்கப் போனவன், அமைதியான ஒரு காலையில் படகிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள் கிடைத்தான்.

அதற்குப் பிறகு ஊர் அவளைத் தாங்கியது, பொய்யில்லை. ஒரு மாதம் அவள் வீட்டு அடுப்பு எரியவேயில்லை, சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. குளிருக்கு எரிக்க, சதுப்பு நிலத்துக் கரியை யாரோ வெட்டி அடுக்கிவிட்டுப் போனார்கள். கூடவே, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே, அவள் காதில் அந்தப் பெயர் விழக்கூடாது என்றும் முடிவாகிவிட்டது. தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மக்டாரா வெறும் 'தபால்காரர்' ஆனார். வாத்தியார் மகன் மக்டாரா 'வாத்தியார் பையன்' ஆனான். இன்னொருத்தன் முடியின் நிறத்தால் 'செம்பட்டை' ஆனான். பிறக்கிற பிள்ளைகளுக்கும் யாரும் அதை வைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, எல்லாருமாகச் சேர்ந்து, மிச்சம் இருந்த ஒன்றையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கல்லறைக் கல்லில் பெயர் இருக்கிறதுதான். கல்லில் இருப்பதை வாசிக்கலாம், அவ்வளவுதான். அது யார் வாயிலிருந்தாவது வந்து காதில் விழவேண்டும் என்று அவள் ஏங்கிப் போயிருந்தாள்.

கதவு மணி மறுபடி அடித்தது. தபால்காரரின் மருமகள் ரோஷீன், மூன்று வாரக் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள்.

"அடேயப்பா, என்னா மூக்கு. தாத்தா மூக்க அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்றாள் டெலியா. "பேரு முடிவாச்சா?"

ரோஷீன் பாபினைப் பார்த்தாள். பாபின் யாரும் கேட்காத உருளைக்கிழங்குகளை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாக்குனு வைக்கலாம்னு இருக்கோம்க்கா. ஞாயித்துக்கெழம திருவிழாவுல, தீவுலயே ஞானஸ்நானம். நீங்க வரணும்னு... வர முடிஞ்சாத்தான்."

மூத்த பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவர் பெயர். இந்தக் கரையில் அது எழுதாத சட்டம். அந்தக் குழந்தை பிறக்கும்போதே மக்டாராவாகத்தான் பிறந்திருந்தான். தனக்காகத்தான் அவன் ஜாக் ஆகிறான் என்பது டெலியாவுக்கு அங்கேயே, முட்டை அடுக்கைக் கையில் வைத்திருந்தபோதே புரிந்தது. வேண்டாம்மா, அவனுக்கு உரிய பேரை வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆறு வருஷமாக ஊரே பாடுபட்டுக் காப்பாற்றியதை ஒரு கடையில் வைத்துப் போட்டு உடைப்பதா?

"நல்ல பேரு" என்றாள்.

வீட்டில் அவள் புருஷன் ஃபெஸ்டி வலைக்கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவனிடமும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. முதல் வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது, "மக்டாராவோட பூட்ஸ யாருக்காவது குடுத்துடலாமா" என்று கேட்டுவிட்டாள். அவன் கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் போனான். சாயங்காலம்தான் திரும்பி வந்தான். அந்த பூட்ஸ் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர்களுக்குள் பேச்சு வந்தால் 'அவன்' என்றுதான் வரும், அதுவும் எப்போதாவது.

"ஞாயித்துக்கெழம நான் தீவுக்குப் போறேன்" என்றாள்.

அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தீவைக் கடக்கும் பாய்மரப் படகு எதுவானாலும் துறவிக்கு மரியாதையாக மூன்று முறை பாயைத் தாழ்த்தும். ஃபெஸ்டி ஒரு நாளும் தவறியதில்லை. தன் பங்கை ஒழுங்காகச் செய்தேன், அவர் தன் பங்கைச் செய்யவில்லை என்பது அவன் கட்சி. இப்போது இயந்திரப் படகில் தீவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான்.

"கோல்மனோட படகுலயா?" என்று கேட்டான். "அந்தப் பாறைத் திருப்பத்துல அவனுக்குக் கை பத்தாது. நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தீவு நிறைந்து கிடந்தது. பழைய கல் கோயிலைச் சுற்றிப் புல்லில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். டெலியா நடந்த இடமெல்லாம் பேச்சு தணிந்தது. தபால்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பேரனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. பூசை முடிந்து பாதிரியார் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"மக்டாரா. செவுத்துல ஏறாத. மக்டாரா, எறங்குனு சொல்றேன்ல."

கூட்டம் அப்படியே உறைந்தது. பாபின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயில் சுவரில் நாலு வயதுப் பயல் ஒருவன் குரங்குபோல் தொற்றிக்கொண்டிருந்தான். கீழே மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பெண், வெளியூர்க்காரி, தலைநகரத்துப் பேச்சு. எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, கோயில் சுவருக்காகத்தான் கோபம் என்று நினைத்து, "மன்னிச்சுக்கோங்க, சொன்னா கேக்க மாட்டான்" என்றாள்.

செம்பட்டை அவளை அந்தப் பக்கமாக அழைத்துப்போக அவசரமாக எழுந்தான். அவனுக்கு முன்னால் டெலியா போய்விட்டாள். கால்கள் தாமாகத்தான் போயின.

"இன்னொரு தடவ கூப்புடுங்க" என்றாள்.

"என்னது?"

"பையனக் கூப்புடுங்க."

அந்தப் பெண் குழம்பிப்போய், "மக்டாரா, வா இங்க" என்றாள். பையன் சுவரிலிருந்து குதித்து ஓடி வந்தான். டெலியா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பேரு எங்கருந்து கெடச்சுது ஒங்களுக்கு?"

"பேரு புத்தகத்துலதாங்க பாத்தோம். அபூர்வமான பேருன்னு போட்டிருந்துச்சு. இப்போ இவன் படிக்கிற எடத்துலயே மூணு பேரு இருக்காங்க" என்று சிரித்தாள். "சரி, பேரு வந்த எடத்தயாவது காட்டலாம்னு கூட்டிட்டு வந்தோம். அந்தச் சாமியார் யாருங்க?"

"அது அவரு பேரே இல்லம்மா" என்றாள் டெலியா. "டாராங்கறவரோட மகன்னு அர்த்தம். சொந்தப் பேருக்கு அர்த்தம் நரி. நரின்னு சொன்னா கடலுக்குப் போறவனுக்கு ஆகாதுன்னு, இங்க இருந்தவங்க அதச் சொல்லாமலே விட்டுட்டாங்க. அப்பன் பேர வச்சே கூப்புட்டாங்க."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பெயரை விழுங்குவது இந்த ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. பயந்தாலும் விழுங்குவார்கள், பாசம் வந்தாலும் விழுங்குவார்கள்.

"ஒங்க ஊர்ல நெறய பேரு இருப்பாங்களே இந்தப் பேருல?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

டெலியா ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பையன் பேரு மக்டாரா" என்றாள் டெலியா. அவளுடைய குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "கடல்ல போயிட்டான். ஆறு வருஷமாச்சு."

பின்னால் புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. ஃபெஸ்டி. அவன் எழுந்து படகுக்குப் போய்விடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான்.

"மக்டாரா ஃபெஸ்டி" என்றான் அந்தப் பெண்ணிடம். "அப்படித்தான் கூப்புடுவாங்க. நாலு பேரு இருந்தானுங்கல்ல, பிரிச்சுக் காட்டணுமே." பிறகு, "நல்லாப் படகு விடுவான்" என்றான். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

டெலியா திரும்பி நடந்தாள். பாதிரியார் கிண்ணத்தோடு அதே இடத்தில் நின்றிருந்தார். ரோஷீன் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன அழுக? பாதர் பேரு கேக்குறாரு பாரு, சொல்லு."

"அக்கா..."

"ஜாக்கு ஊரு பூரா இருக்கான். இவன் தாத்தா உசுரோட நிக்கிறாரு. அவரு பேர அவனுக்குக் குடு."

தபால்காரர் தலையை ஆட்டிவிட்டு, பேரனைக் கிண்ணத்தருகே நீட்டினார். பாதிரியார் தண்ணீரை ஊற்றிப் பெயரைச் சொன்னார். குழந்தை வீரிட்டு அழுதது.

திரும்பும்போது சுக்கானை ஃபெஸ்டி பிடித்திருந்தான். துறையில் மற்றப் படகுகள் முன்பே வந்து சேர்ந்திருந்தன. செம்பட்டையும் வாத்தியார் பையனும் கரையில் நின்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் இறங்கிய தபால்காரர் டெலியாவுக்குக் கைகொடுத்துக் கல்லில் ஏற்றிவிட்டார். கோல்மன் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தான். ஒரு கணம் தயங்கி அவளைப் பார்த்தான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்.

"மக்டாரா, பிடி."

மூன்று பேர் திரும்பினார்கள். மூன்று பேரும் கையை நீட்டினார்கள். அடுத்தவனைத்தான் கூப்பிட்டான் என்று மூன்று பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். கயிறு அவர்கள் நடுவே பறந்து வந்து, ஈரத்தோடு டெலியாவின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். மறுமுனையில் ஃபெஸ்டி இருந்த படகு அலையில் விலகி இழுத்தது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.