ஜோடியில்லாத கேப்டன்

அந்த ஆண்டு புரட்டாசி பிறந்த பிறகும் கல்வராயன் மலையில் சித்திரை வெயில் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. குரங்குகள் தங்கள் வாலையே குடையாகப் பிடித்துக்கொண்டு திரிந்தன. இதை நம்பாவிட்டால் போகட்டும், கோமுகி அணை மீன்கள் கரையேறி ஆலமரத்தடிக்கு வந்தன என்பதையாவது நம்புங்கள். அப்பேர்ப்பட்ட வெயிலில்தான், வடக்கே பனிமலை உச்சியில் மாதக்கணக்கில் விறைத்துக் கிடந்த ஒரு கூட்டம் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பனியில் பழகிய உடம்பு வெயிலில் எவ்வளவு தூரம் மூட்டை சுமக்கும், எந்த இடத்தில் விழும் என்று தெரிந்துகொள்ள மேலிடத்தில் யாருக்கோ ஆசை வந்துவிட்டது.

அவர்கள் உடம்புக்கெல்லாம் பொறுப்பு வீரமுத்து. பட்டாளத்தில் மருத்துவ உதவியாளன், சொந்த ஊர் மணலூர்பேட்டை. தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு நடப்பான். தன்னைக் கேட்காமல் ஒரு கொசுகூடச் சிப்பாயைக் கடிக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். மீசையும் அந்த எண்ணத்துக்குத் தகுந்த அகலத்தில் இருந்தது.

முதல் நாள் சாயங்காலமே அவன் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். நாளெல்லாம் வெள்ளிமலைப் பாதையில் மூட்டை சுமந்தவர்களின் தண்ணீர்ப் பாட்டில்கள் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தன. பனிமலையில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உருக்க வேண்டும். மண்ணெண்ணெயோ ஹெலிகாப்டரில் வருவது. அங்கே தாகத்தை அடக்குகிறவன்தான் ஆம்பிளை. அந்த ஆம்பிளைத்தனத்தையும் மூட்டையோடு மூட்டையாக இங்கே தூக்கிவந்திருந்தார்கள்.

கேப்டன் நேகி மூளைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பனிமலையில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு ஜோடி உண்டு. இவன் விரல் பனி கடித்துக் கறுக்கிறதா என்று அவன் பார்ப்பான், அவன் மூக்கு கறுக்கிறதா என்று இவன் பார்ப்பான். "இங்கே ஜோடியின் முதுகைப் பாருங்கள்" என்றார் கேப்டன். சட்டை நனைந்திருந்தால் சரி. காய்ந்துபோனால் வேர்வை நின்றுவிட்டது, கத்து. நிற்கிற இடத்திலெல்லாம் ஜோடிக்குத் தண்ணீர் புகட்டு, அவன் சொந்த ஊரைக் கேள். தப்பாகச் சொன்னால் மூளையில் சூடேறிவிட்டது என்று அர்த்தம். சுபேதாரானாலும் சரி, சுமையைப் பிடுங்கிப் படுக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டு.

அந்த ஏற்பாட்டில் மலைமேல் ஒருத்தனும் சாகவில்லை. வீரமுத்து மீசையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டான்.

பயிற்சி முடிந்து கீழே இறங்கிய அன்று லாரிகள் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது: நடந்தே கள்ளக்குறிச்சிக்கு வந்து சேருங்கள், மறியல்காரர்கள் வழிக்குப் போகாதீர்கள்.

நடந்தார்கள். பஸ் ஹாரன் இல்லை, மாட்டுவண்டிச் சத்தம் இல்லை. தார் உருகி பூட்ஸைக் கவ்விப் பிடித்தது. காலைப் பிடுங்கும்போது ரோடே கூட வந்துவிடும் போலிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. ஒரு தோகை அசையவில்லை. ஆனால் கரும்புக்குள்ளிருந்து யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இன்னொரு சீழ்க்கை அதற்குப் பதில் சொன்னது. பட்டாளம் நடக்க நடக்கச் சீழ்க்கையும் கூடவே நடந்தது.

கேப்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். தன் பாட்டில் தண்ணீரை வழியிலேயே தள்ளாடியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டார். காலர் பித்தானையும் போட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மூட்டையைத் துழாவிக் கம்பளித் தொப்பியை எடுத்துக் காது மறைய மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் செய்தால் அதில் காரணம் இருக்கும். கடைசி வரிசையில் தள்ளாடுகிறவர்களை மேய்த்துக்கொண்டு வந்த வீரமுத்துவும் தூரத்தில் அந்தத் தொப்பியைப் பார்த்தான். மேலிடத்துப் புதுச் சோதனை என்றே நினைத்தான்.

ஒரு வளைவில், யானை படுத்தமாதிரி ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஊரே திரண்டிருந்தது. அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் நீச்சலடிக்கலாம் போன்ற அண்டா நிறைய மோர். அதற்குக் காவலாக ஆயம்மாள், கையில் கரண்டியோடு. மரத்தின் மேல் கோடரியைத் தோளில் சாத்தி நின்றான் சின்னதுரை.

"வாங்க வாங்க, பட்டாளத்துக்காரங்களே! பொண்ணு பாக்க வந்தீங்களா? மாப்ள யாரு, கம்பளிக் குல்லா போட்டவரா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேப்டன் நின்றார். மரத்தைப் பார்த்தார், மரத்தின் மேல் நின்றவனைப் பார்த்தார். மெதுவாக, காதலியிடம் பேசுகிற குரலில் இந்தியில் சொன்னார்: "எதிரி மேட்டைப் பிடித்துவிட்டான். லோட் பண்ணுங்கள்."

பக்கத்தில் நின்ற ஹவில்தார் பல்வந்த் திரும்பி அவரைப் பார்த்தார். கேப்டன் இன்னொரு முறை சொன்னார். பட்டாளத்தில் உத்தரவு காதில் விழுந்தால் மூளைக்கு முன்னால் கை போய்விடும். முன்வரிசையில் ஒரு துப்பாக்கி 'கடக்' என்றது. அப்புறம் இன்னொன்று. சிரிப்பு நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்தார்கள், ஆண்கள் குனிந்து கல் பொறுக்கினார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த வீரமுத்துவின் கண் கேப்டனின் முதுகில் நின்றது. எல்லார் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, கேப்டன் சட்டை மட்டும் கஞ்சி போட்டமாதிரி மொடமொடவென்று காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

அந்த முதுகை யார் பார்த்தது? சிப்பாய்க்குச் சிப்பாய் ஜோடி. ஹவில்தாருக்கு ஹவில்தார் ஜோடி. கேப்டனுக்கு யார் ஜோடி? யார் போய் அவருக்குத் தண்ணீர் புகட்டி ஊரைக் கேட்பது? சட்டம் போட்டவரும் தன்னைச் சேர்க்கவில்லை, மீசைக்கார வீரமுத்துவும் சேர்க்கவில்லை.

அவன் கேப்டனுக்கும் மரத்துக்கும் நடுவே போய் நின்று சல்யூட் அடித்தான்.

"சாப், உங்கள் சொந்த ஊர் எது?"

கேப்டனின் கண்கள் அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. "மூன்றாவது முகாம்," என்றார். "பனி சரிகிறது, தெரியவில்லையா? கயிற்றைப் பிடி, முட்டாளே." அவர் கை இடுப்புப் பிஸ்டலைத் தேடிப் போனது.

வீரமுத்து பல்வந்தின் பக்கம் திரும்பினான். "ஹவில்தார் சாப், ஊர் தப்பு."

பல்வந்தின் முகத்தில் ஒரு யுகம் ஓடியது. பிறகு அவர் கேப்டனின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினார். "எல்லாரும் அன்லோட்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரும்பெல்லாம் ஓர் அங்குலம் குட்டையானது. கேப்டன் ஒரு முறை திமிறினார், பிறகு துணிமூட்டையாகச் சரிந்தார். கழுத்தைத் தொட்ட வீரமுத்து கையை உதறினான். தோசைக்கல். பாட்டில்களைக் கவிழ்த்துப் பார்த்தான். எல்லாம் காலி.

"யக்கா! அந்த அண்டாவுல இன்னா?"

"மோரு," என்றாள் ஆயம்மாள். "எங்க ஜனத்துக்கு. துப்பாக்கிக்காரனுக்குக் கெடையாது."

"குடிக்கக் கேக்கலக்கா. இந்தாள அதுக்குள்ள எறக்கணும். இல்லன்னா செத்துப்பூடுவாரு."

"இன்னாது? பூட்ஸோடயா?"

சின்னதுரை கோடரியோடு குதித்து இறங்கினான். "இப்பத்தான் எங்க நெஞ்சுக்கு நேரா துப்பாக்கி புடிச்சீங்க. அந்த ஆளுக்கு நாங்க மோர்ல குளியல் போடணுமா? நீ எந்தூருய்யா?"

"மணலூர்பேட்ட."

"நம்ம பக்கத்து ஆளா இருந்துக்கினு கூச்சமா இல்ல?"

"கூச்சத்த அப்பறம் படறேன் தம்பி. இவருக்கு வெயிலு மூளைக்கு ஏறிப்போச்சு, இன்னா சொல்றோம்னே தெரியாம சொல்லிட்டாரு. இங்க இவரு செத்தா இன்னொருத்தன் வருவான். அவனுக்கு மூளை ஜில்லுன்னு இருக்கும். தெரிஞ்சே சொல்லுவான்."

சின்னதுரை கோடரியைக் கை மாற்றிக்கொண்டான். ஆயம்மாள்தான் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "பூட்ஸக் கழட்டிட்டு எறக்கித் தொலைங்கடா. பெருங்காயம் போட்டுத் தாளிச்ச மோரு!"

ஆளுக்கொரு பக்கம் தூக்கி மரத்தைத் தாண்டி, கழுத்துவரை இறக்கினார்கள். சொர்ரென்று ஆவி கிளம்பியது என்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். கல் பொறுக்கியவர்கள் துண்டால் விசிறினார்கள். சிப்பாய்கள் சட்டையைக் கழற்றி விசிறினார்கள். வீரமுத்து தலையில் மோரை மொண்டு மொண்டு ஊற்றினான். கேப்டனின் உடம்பு ஒரு முறை வெட்டி இழுத்தது. ஆயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீரமுத்து ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்துக் கேப்டனுக்குப் பல் தந்தியடித்தது. குளிரில் நடுங்கினார். மீசையில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "பவுரி," என்றார். அது அவர் ஊர்.

பிறகு கேட்டார்: "நான் என்ன சொன்னேன்?"

சிப்பாய்கள் கழற்றிய சட்டைகளை அவசரமாக மாட்டிக்கொண்டார்கள்.

"லோட் பண்ணச் சொன்னீர்கள், சாப்," என்றான் வீரமுத்து.

கேப்டன் மரத்தடியில் ஒதுங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து, மோர் வடிகிற பிஸ்டலோடு பல்வந்திடம் நீட்டினார். "கள்ளக்குறிச்சி வரைக்கும் உத்தரவு உன்னுடையது. நான் நோயாளி."

மூங்கில் கழிகளில் கம்பளியைக் கட்டி அவரைப் படுக்கவைத்தார்கள். பட்டாளம் கூட்டத்தைத் தாண்டும்வரை சின்னதுரையே ஒரு முனையைப் பிடித்தான். கூட்டத்துக்கு அப்பால் இறக்கியதும் வீரமுத்துவின் காதருகே வந்தான்.

"அண்ணே, இது எங்க மரம். உட்டுட்டோம். அடுத்த மரம் ஒரு கல்லு தொலைவுல. அங்க இருக்கறவங்க நேத்துத்தான் போலீஸ்கிட்ட செமத்தியா அடி வாங்கினவங்க."

"மோர் கீர் காச்சி வெச்சிருப்பாங்களா?"

"மோரா?" சின்னதுரை சிரிக்கவில்லை. "கல்லக் குமிச்சி வெச்சிருக்கானுங்க. உங்கள மாதிரி ஒரு கூட்டம் வராதான்னுதான் காத்துக்கினு இருக்கானுங்க."

பல்வந்த் கையசைத்தார். கம்பளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முன்னால், கரும்புக்கு அப்பால், மரம் வெட்டுகிற சத்தம் டொக், டொக் என்று வந்துகொண்டிருந்தது. அவர்கள் வளைவைத் தாண்டியதும் அது ஒரேயடியாக நின்றது.