செயின் இல்லாத வண்டி

வெள்ளைத் துணியில் செயின் எண்ணெய் பட்டால் போகாது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், கொதிக்கிற தண்ணீர் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவள் சொல்கிறேன். ஈரமாக இருக்கும்வரை போன மாதிரி பாவலா காட்டும். காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் திரும்பி வந்து நிற்கும்.

நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். எங்களுக்கு வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை மேல்சட்டை. என்னிடம் இருந்த அத்தனை கால்சட்டையிலும் இடது கணுக்காலுக்கு மேலே அந்தச் சாம்பல் நிறப் பட்டை இருந்தது. எல்லாம் என் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் உபயம்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். காலையில் போகிற வழியில் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார், மாலையில் ஏற்றிக்கொள்வார். அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் எங்கே போவாள் என்று அவரே முடிவு செய்து, அவரே சாமான்களை ஏற்றி வைத்தார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வேலை நேரத்தை ஆஸ்பத்திரி போட்டதே கிடையாது, அண்ணன்தான் போட்டார். வார்டுப் பொறுப்பை என்னிடம் கொடுக்க இரண்டு முறை கேட்டார்கள். பொறுப்பு என்றால் ஷிப்ட் மாறி மாறி வரும். "உன்னை யாரு கொண்டு விடறது?" என்றார் அண்ணன். இரண்டு முறையும் என்னைவிட இளையவர்களுக்குப் போனது.

இத்தனைக்கும் எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். என் முதல் வேலை மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு சேற்றிலும் கல்லிலும் அரசாங்க மோட்டார் சைக்கிளை ஓட்டியிருக்கிறேன். உரிமத்தை இன்றுவரை காலாவதி ஆக விட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது மறந்துபோய்விட்டது. உண்மையிலேயே மறந்துபோனதா, மறந்த மாதிரி இருந்தார்களா என்பது அவரவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்காரர் வார்டுக்கு வந்தார். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது எழுபது, இடுப்பு எலும்பு முறிவு. அவரிடம் பெரிய இத்தாலி வண்டி ஒன்று உண்டு என்பது ஊருக்கே தெரியும். பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், "இந்த வயசுல அந்த வண்டி தேவையா?" என்றார்கள்.

"வண்டியில விழல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். பாத்ரூமை வித்துடட்டுமா?" என்பார் அவர், படுத்தபடியே.

ஒருநாள் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கனத்த சரீரம். கட்டில் ஓரமாகப் பார்த்தவர், "சிஸ்டர், கால்ல என்ன கறை?" என்றார்.

"செயின் எண்ணெய். எங்க அண்ணன் வண்டி."

"என் வண்டியில செயினே கிடையாது தெரியுமா? இன்ஜின்லேருந்து பின் சக்கரத்துக்கு ஒரு தண்டு போகுது. ஷாஃப்ட்டுன்னு பேரு. குழாய்க்குள்ள மூடிக் கிடக்கும். ஒரு சொட்டு வெளிய தெறிக்காது. வெள்ளை வேட்டி கட்டிட்டு ஓட்டலாம்."

நான் தலையணையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை ராத்திரி அந்தக் கறையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். உலகத்தில் செயின் இல்லாத வண்டி ஒன்று இருக்கிறது, அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"ஆனா இனிமே ஓட்ட முடியாது," என்றார். "இடுப்புக்குள்ள ஒரு இரும்பை வெச்சுட்டாங்க. வெளிய இன்னொரு இரும்பைத் தாங்கத் தெம்பு இல்ல. விக்கணும்."

"நான் வாங்கிக்கிறேன்," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"கனம் சாஸ்தி. என்னை மாதிரி மூணு பேரு."

"உங்களைத் தினமும் நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன்."

"அதான் நான் வேற எதுவும் கேக்கல," என்றார்.

அவர் கேட்காததை மற்ற எல்லோரும் கேட்டார்கள். வார்டு டாக்டர் கேட்டார். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி கேட்டார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காத மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்டார். "கீழ விழுந்தா யாரு தூக்குவா?" ஆண் ஒருவன் பழைய வண்டி வாங்கினால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். நான் வாங்கினால் மட்டும் விழுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பணிமனைக்கு வந்த பேருந்தைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்ஜினின் இரண்டு சிலிண்டர் தலைகளும் பெட்ரோல் தொட்டிக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் முழங்கையைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

"இது வண்டியா, எருமையா?" என்றார்.

ஸ்டார்ட் செய்து முறுக்கிக் காட்டினேன். நின்ற இடத்திலேயே வலப்பக்கம் ஒரு சாய் சாய்ந்து நிமிர்ந்தது.

"பாத்தியா, இன்ஜின் பிடிப்பே போயிடுச்சு. உன் தலையில கட்டிட்டான்."

"இல்லண்ணா. இந்த இன்ஜின்ல தண்டு வண்டியோட நீளவாக்குல சுத்துது. முறுக்கினா ஒரு பக்கமா அசையும். இந்த மாதிரி வண்டி எல்லாம் இப்படித்தான்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

சாவியை வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில், அவர் சாவிக்கு அருகிலேயே மாட்டினேன். அந்த ஆணியில் என் சாவி தொங்குவது அதுதான் முதல் தடவை.

பக்கவாட்டு ஸ்டாண்டைப் பற்றிக் கண்ணாடிக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வண்டியின் பாரம் விலகினால் போதும், தானாக மடங்கிக்கொள்ளும். நாம் ஸ்டாண்டு இருக்கிற நினைப்பில் திரும்பச் சாய்த்தால் போச்சு. "வண்டி தங்கம். இந்த ஸ்டாண்டைப் போட்டவன் மட்டும் யாரோட சண்டை போட்டுட்டு வேலைக்கு வந்தானோ," என்றார். வீட்டில் எல்லோரிடமும் வண்டியை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

எச்சரிக்கை தெரிந்த நானே முதல் வாரத்தில் ஏமாந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்துமிடத்தில், கைப்பையை எடுக்கக் கொஞ்சம் நிமிர்த்தினேன், ஸ்டாண்டு மடங்கியது, வண்டி சாய்ந்தது. நான் குனிவதற்குள் காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து தூக்கி நிறுத்திவிட்டார்கள். "சொன்னேன்ல சிஸ்டர்," என்றார் காவலாளி. நன்றி சொன்னேன். அவர்கள் வராமல் இருந்திருந்தால் என்னால் முடிந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. அன்றிலிருந்து வார்டில் ஒவ்வொரு நோயாளியைத் தூக்கும்போதும் மனசுக்குள் வண்டியையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. அவருக்கும் காவலாளிக்கும் பழக்கம்.

"நிக்கும்போதே விழுற வண்டி, ஓடும்போது என்ன ஆகும்?" என்றார். "வித்துடு."

"மாட்டேன்."

இதற்கிடையில் வார்டுப் பொறுப்பு மூன்றாம் முறையாக என்னிடம் வந்தது. வீட்டில் யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் பிற்பகல் ஷிப்ட்.

பொறுப்பேற்கிற நாள், மத்தியானம். துவைத்துத் தேய்த்த புதுச் சீருடையில் மாடிப்படி இறங்கினேன். கறையே இல்லாத கால்சட்டை. முற்றத்தில் அண்ணன் வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார், கூடவே பழைய வண்டி வாங்கி விற்கிற தரகர். ஆணியிலிருந்த என் சாவி அண்ணன் கையில் இருந்தது.

"சும்மா பாக்க வந்திருக்கார்," என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

"நல்ல விலைக்குத் தள்ளிடலாம்மா," என்றார் தரகர். "ஆசைப்பட்டீங்க, ஓட்டிப் பாத்தீங்க. போதுமே."

"விக்கறதா யாரு சொன்னா?"

"நான் சொன்னேன்," என்றார் அண்ணன். "நீ எந்த ஷிப்டுக்கு வேணாலும் போ. நான் கொண்டு விடறேன், நானே கூட்டிட்டு வரேன். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் வரேன். எங்கேயாவது ரோட்ல நீ விழுந்து கிடக்கறன்னு எனக்கு ஒரு போன் வரக்கூடாது."

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. பயந்துதான் போயிருக்கிறார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவருடைய பயத்துக்கு நான் ஏன் பின் இருக்கையில் உட்கார வேண்டும்?

"சாவியைக் குடுங்கண்ணா. நேரமாச்சு."

"இரு. அவர் ஒரு தடவை பாத்துடட்டும்," என்று ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நிமிர்த்தினார். டக் என்று ஸ்டாண்டு மடங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"அண்ணா, ஸ்டாண்டு."

அதற்குள் திரும்பச் சாய்த்துவிட்டார். வண்டி அவசரமே இல்லாமல் இடப்பக்கம் போனது. அண்ணன் துள்ளி விலகினார். நீட்டிக்கொண்டிருந்த இன்ஜின் தலை சிமென்ட்டுத் தரையில் மோதி நின்றது. சத்தம் கேட்டு அண்ணி வாசற்படிக்கு வந்தாள்.

யாருக்கும் அடியில்லை. தரகர் ஹேண்டிலைப் பிடித்தார், அண்ணன் பின்கம்பியைப் பிடித்தார், இருவரும் வண்டியைப் பார்த்தபடி குனிந்து இழுத்தார்கள். முழங்கால் உயரம் வந்தது, திரும்ப உட்கார்ந்தது. இன்னொரு தடவையும் அதே கதைதான். தரகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாலு பேரைக் கூப்பிடணும்," என்றார்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் ஜெயித்துவிட்ட களை. "பாத்துக்கிட்டியா? ரெண்டு ஆம்பளைங்களால முடியல. இப்ப சொல்லு, கீழ விழுந்தா யாரு தூக்குவா?"

கைப்பையைப் படியில் வைத்தேன்.

"நகருங்க," என்றேன்.

பெட்ரோல் குழாயை மூடினேன். சக்கரம் உருளாமல் இருக்க கியரில் போட்டேன். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையின் ஓரத்தில் என் இடுப்பைப் பதித்தேன். ஒரு கையால் ஹேண்டிலின் முனை, இன்னொரு கையால் இருக்கைக்குக் கீழே சட்டம். கனத்த உடம்பைக் கையால் இழுத்தால் நம் முதுகு போய்விடும். கை பிடித்துக்கொள்ள மட்டும்தான், தூக்குவது கால். வார்டில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் தினமும் கத்துகிற பாடம் இது.

காலை ஊன்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அசைந்தது. ஒரு சின்ன அடி பின்னால் வைத்தேன், இன்னொன்று வைத்தேன். பாதி உயரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இங்கே விட்டால் இந்த ஜன்மத்துக்கும் பின் இருக்கைதான் என்று தெரிந்தது. அண்ணன் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொடாதீங்கண்ணா."

"ஏய், இடுப்பு போயிடும்."

"விடுங்க. அவ தூக்கட்டும்," என்றாள் அண்ணி. என் நினைவில் அவள் அண்ணனை எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம். அவர் கை அப்படியே நின்றது.

அதற்குமேல் பாரம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி அடியில் வண்டி நிமிர்ந்து என் முதுகில் சாய்ந்துகொண்டது. குதிகாலால் ஸ்டாண்டைத் தள்ளி, மடங்கவிடாமல் காலால் பிடித்துக்கொண்டு, பாரத்தை அதன்மேல் இறக்கினேன். நின்றது.

தரகர் எனக்கு வணக்கம் சொல்வதா அண்ணனுக்குச் சொல்வதா என்று தெரியாமல் கேட்டைப் பார்த்து நடந்தார்.

"உன் கால்சட்டை," என்றாள் அண்ணி.

குனிந்து பார்த்தேன். அடிபட்ட இன்ஜின் மூடியிலிருந்து கசிந்த எண்ணெய், தொடையிலிருந்து முழங்கால்வரை கன்னங்கரேல் என்று இழுத்திருந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டலாமாம். கண்ணாடிக்காரரை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேல போய் மாத்திட்டு வா," என்றாள்.

"நேரமாச்சு அண்ணி. அங்க மாத்திக்கிறேன்."

கந்தைத் துணியால் மூடியை அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். கசிவுதான், விரிசல் இல்லை. அண்ணனிடம் கையை நீட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்தார். ஸ்டார்ட் செய்து முறுக்கினேன். வண்டி வழக்கம்போல் ஒரு சாய் சாய்ந்து நிமிர்ந்தது.

"எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்டார். இத்தனை வருடம் நேரத்தை அவர்தான் சொல்வார், நான் வாசலில் நிற்பேன்.

"ஷிப்ட் முடிஞ்சதும் வருவேண்ணா," என்றேன்.

ஆஸ்பத்திரியில் கண்காணிப்பாளர் அம்மா மேசைக்குப் பின்னாலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொறுப்பேத்துக்கிற முதல் நாளே இப்படியா? திரும்பவும் அண்ணன் வண்டி எண்ணெயா?"

"இல்ல மேடம்," என்றேன். "இது என் வண்டியோடது."

அவர் வார்டுச் சாவிக்கொத்தை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். அதை எடுத்துக்கொண்டு உடை மாற்றப் போனேன்.