அப்பாவின் விரல் தொலைந்த பக்கம்

காது போன பிறகும் அப்பா வெள்ளிக்கிழமைக் கச்சேரியை விடவில்லை. மாலை ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து மடியில் இசைக்குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொள்வார். அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி. திரையில் ஓபோ என்ற குழலை ஊதுகிறவர் தெரிந்தால் அப்பாவின் விரல் ஓபோ வரிக்குப் போகும். கொம்பு ஊதுகிறவர் தெரிந்தால் கொம்பு வரிக்கு. கையில் குச்சி வைத்துக் குழுவை நடத்துபவரை எங்கள் வீட்டில் குச்சிக்காரர் என்போம். அவர் தெரியும்போது அப்பா தாளத்தைப் பிடித்துக்கொள்வார். இப்படியே கடைசிப் பக்கம் வரை வந்து புத்தகத்தை மூடி, "நல்லா வாசிச்சாங்க" என்பார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கையை விரித்துக் கேட்பாள்.

"கன்னத்தைப் பாத்தாலே தெரியுமே."

அப்பா எங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டியவர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஊர் இசைக்குழுவில் இரண்டாம் பஸூன் வாசிப்பார். பஸூன் என்பது நீளக் கம்பு வைத்த துடைப்பம் உயரத்துக்கு இருக்கும் மரக்குழல். இரண்டாம் பஸூனை யாரும் பார்க்க மாட்டார்கள், தைரியமாக மூக்கைச் சொறிந்துகொள்ளலாம் என்பது அப்பாவின் பெருமை. பத்தொன்பது வருஷம் வாசித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மழை பெய்வதுகூட அவருக்குக் கேட்கவில்லை. குழுவினர் தங்கள் இசைக்குறிப்புப் புத்தக அலமாரியின் சாவியை அவரிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் டிவியில் வரப்போகும் கச்சேரிகளுக்கான புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்.

இந்தக் கோடையில் கச்சேரியைக் கெடுத்துவிட்டார்கள். மேடை முழுக்க ஊதா விளக்கு. கூரையில் கம்பி கட்டி ஒரு கேமராவைப் பறக்கவிட்டிருந்தார்கள். அது கொக்கு மாதிரி இறங்கும், எழும்பும், யாரையும் காட்டாது. ஓபோ தனியாக வாசித்தபோது, நாடகத் தொடரில் வரும் நடிகர் ஒருவர் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொள்வதைக் காட்டினார்கள். மெதுவான இடங்களில் சோபாவில் உட்கார்ந்திருந்த தொகுப்பாளினி குசுகுசுவென்று பேசினாள்.

அப்பாவின் விரல் காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று என்னைப் பார்த்தார்.

எனக்குக் காது கேட்கும், ஆனால் குறிப்பு படிக்கத் தெரியாது. தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடினார். எல்லாப் புத்தகங்களையும் பெட்டியில் அடுக்கி வாசல் கதவோரம் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை திருப்பிக் குடுத்துடறேன். சாவியையும்."

அம்மா சமையலறையிலிருந்து வெள்ளைப் பலகையைத் தூக்கிவந்து, 'ஏன்?' என்று எழுதிக் காட்டினாள்.

"வாசிக்கிறவனத் தவிர எல்லாரையும் காட்டறாங்க, ஜாய்ஸ். நான் பொய்யா விரல நகர்த்திட்டு உக்காந்திருக்கணுமா? இதுக்கு வருஷா வருஷம் டிவி லைசென்ஸ் பணம் வேற கட்டறோம்!"

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை இருக்கிறது என்று, காது போன பிறகு வேலை பார்க்கும் பஸ் பணிமனைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. பெட்டி கதவோரமே கிடந்தது. அம்மா தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்குப் பயமாக இருந்தது. கச்சேரியைப் போடாத வெள்ளிக்கிழமையில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

வெளி ஆட்களிடம் பேசப் பயந்து பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் நோட்டு எழுதுகிறேன். அது யாருக்கும் தெரியாது. அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் காதில் விழுந்தது என்ன, திரையில் தெரிந்தது என்ன என்று எழுதிவைத்திருந்தேன். வாத்தியங்களின் பெயர் பாதிக்கு மேல் தெரியாததால் எனக்குத் தோன்றியபடி எழுதினேன். 'ஏழு ஐம்பத்திரண்டு: சளி பிடித்த வாத்து தனியாகப் பாடியது. காட்டியது: கூரை.' 'எட்டு நான்கு: காலி பாட்டிலில் ஊதும் சத்தம். காட்டியது: ஒரு பெண்ணின் தோடு.'

ரிமோட்டைத் தேடி சோபா மெத்தையைத் தூக்கிய அம்மாவிடம் அந்த நோட்டு அகப்பட்டது. இரண்டு பக்கம் புரட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய் அப்பா மடியில் வைத்தாள். நான் ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் அப்பாவின் சிரிப்பு தெருமுனை வரை போகும். இறங்கி வந்து பார்த்தேன். பெட்டியைத் திறந்து புத்தகங்களைத் தரையில் பரப்பி, என் நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சளி பிடிச்ச வாத்துன்னா ஓபோ! பிரமாதம். இது யாரு ஹெஸ்டர், 'படுக்கைய விட்டு எழுந்திரிக்க மனசில்லாத மாமா'?"

பலகையில் எழுதினேன்: 'நீங்க வாசிக்கிறது.'

அப்பா மறுபடியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மொத்தம் நாப்பத்தோரு தப்பு பிடிச்சிருக்க. அதுல ஒண்ணு உன் தப்பு. அது கொம்பு இல்ல, கிளாரினெட். நாப்பதுன்னு வச்சுக்குவோம்."

அன்று சாயங்காலமே நாற்பதையும் பட்டியலாக எழுதினார். எந்தப் பக்கம், யார் வாசித்தது, யாரைக் காட்டினீர்கள். மேலே இரண்டே வரி: 'எனக்குக் காது கேட்காது. உங்கள் படம்தான் எனக்குக் காது.' மறுநாள் அம்மா பேக்கரிக்கு வேலைக்குப் போகும் வழியில் அதை டிவி நிலையத்துக்குத் தபாலில் போட்டாள்.

எட்டு நாள் கழித்து அச்சடித்த பதில் வந்தது. உங்கள் ஆர்வம் எங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது, புதிய நேயர்களை வரவேற்கவே இந்த மாற்றங்கள் என்று இருந்தது.

"புது ஆளுங்களக் கூப்பிடறாங்களாம். நல்லது, வரட்டும். அதுக்குப் பழைய ஆளு உக்காந்திருக்கிற நாற்காலிய உருவணுமா?" என்று சொல்லி, காகிதத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

பருவத்தின் கடைசிக் கச்சேரிக்கு முந்தின நாள் காலை ஒரு அஞ்சலட்டை வந்தது. நெருக்கிப் பிடித்த சாய்வான கையெழுத்து. கீழே ரொவீனா பிக்கர்ஸ்கில் என்று கையொப்பம். கடைசிக் கச்சேரிக்குக் கேமராக்களை இயக்கப்போவது அவர்தானாம்.

'உங்கள் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. நாற்பதும் சரி. முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒருவர் இசைக்குறிப்பைப் பார்த்து, அடுத்தது யார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை புத்தகத்தை நானே மடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பறக்கும் கேமராவை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, அதனால் எல்லாம் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பகுதியை மட்டும் பாருங்கள்.'

கடைசிக் கச்சேரியின் சிம்பொனி, காய்ச்சல் வருவதற்கு முன் அப்பா கடைசியாக வாசித்தது. அதன் இரண்டாம் பகுதியில் பஸூன்கள் இரண்டும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இடம் ஒன்று உண்டு.

அப்பா அட்டையை மூன்று தடவை படித்தார். "மடியில புத்தகத்தையும் வச்சுக்கிட்டு, கேமராக்காரங்களுக்கும் சொல்லிக்கிட்டு... அந்தம்மாவுக்கு ரெண்டு கை போதாதே" என்றார். ஆனால் பெட்டியைத் திறந்தார்.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். "அந்தம்மா விட்டத நம்ம ஹெஸ்டர் பிடிக்கட்டும்." சமையலறை இழுப்பறையைக் கொண்டுவந்து கம்பளத்தின் மேல் கவிழ்த்தாள். டீ வடிகட்டி ஓபோ. முட்டை அடிக்கும் கம்பி புல்லாங்குழல். புனல் கொம்பு. ரொட்டிக் கத்தி எல்லா வயலின்களுக்கும் சேர்த்து. பூரிக்கட்டை பஸூன். நான் டிவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேட்பதைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பகுதி பழையபடிதான். கொக்கு இறங்கியது, எழும்பியது. அப்பாவின் விரல் தடுமாறும், அவர் என்னைப் பார்ப்பார், நான் வடிகட்டியைத் தூக்குவேன், விரல் ஓடிப்போய் இடத்தைப் பிடிக்கும்.

"கத்திய இறக்குடி, வயலின் நின்னு போச்சு!" என்று அம்மா மடியில் தட்டோடு கத்தினாள்.

எவ்வளவு வேகமாகத் தூக்கினாலும் நான் ஒரு நொடி பின்னால்தான் இருந்தேன். கேட்ட பிறகுதானே தூக்க முடியும்?

இரண்டாம் பகுதி தொடங்கியது. விளக்கு நிறம் மாறவில்லை. தொகுப்பாளினி பேசவில்லை. வயலின்கள் தேய்ந்து தேய்ந்து அடங்கின. அடுத்து என்ன வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோதே, திரையில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒரு தாடிக்காரர், பக்கத்தில் குண்டுக் கன்னப் பெண் ஒருத்தி. இருவர் கையிலும் நெடிய குழல். இன்னும் ஒரு சத்தமும் இல்லை. அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள், குழலை வாயில் வைத்தாள், மூச்சை இழுத்தாள்.

அப்பாவும் மூச்சை இழுத்தார்.

பிறகுதான் எனக்குக் கேட்டது. பூரிக்கட்டை என் கையில் பாதியில் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் விரல் முன்பே அந்த வரியில் இருந்தது. மற்றக் கையின் விரல்கள் முழங்காலின் மேல் ஏறி இறங்கின. கேமரா நகரவில்லை. கடைசிச் சுரம் முடிந்ததும் அந்தப் பெண் குழலை இறக்கி நிதானமாக மூக்கைச் சொறிந்தாள். கேமரா அதையும் காட்டியது.

"ஹா!" என்றார் அப்பா. எதிர்வீட்டு நாய் குரைத்தது. "பாத்தியா ஜாய்ஸ்? ரெண்டாம் பஸூன்!"

கடைசிப் பகுதியில் கொக்கு திரும்பி வந்தது. அப்பா இரண்டு தடவை தொலைந்தார், இரண்டு தடவையும் புனலால் பிடித்துக் கொடுத்தேன். கைதட்டல் முடிந்ததும் புத்தகத்தை மூடினார்.

"உன் நோட்ட எடு. இந்தத் தடவ சரியா வந்தத எழுது. தப்ப மட்டும் எழுதி அனுப்பினா அந்தம்மாவுக்கு மேலதிகாரிங்ககிட்ட போய்ச் சண்டை போட என்ன இருக்கும்?"

நோட்டு மெத்தைக்கு அடியில் இல்லை. மேஜை மேலேயே இருந்தது. ஒன்பது இடங்கள் சரி என்று எழுதினோம். குறிப்பைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று அப்பா கீழே ஒரு வரி சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றார். அம்மாவின் முகம் சுருங்கியது.

"ஏன் அப்படிப் பாக்கற? இதக் குடுத்தாத்தானே குளிர்காலக் கச்சேரிக்கு வேற எடுக்க முடியும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹெஸ்டர், நீயும் வா. ஒத்திகையில கேமரா கிடையாது, யாரும் உன்னப் பேசச் சொல்ல மாட்டாங்க. எம் பக்கத்துல உக்காந்தா போதும்."

நான் பலகையில் எழுதினேன்: 'வடிகட்டி?'

"எடுத்துக்கோ. பூரிக்கட்டை மட்டும் வேண்டாம், அது எனக்குத் தெரியும்."