எழிலன், வயது இருபத்தாறு, ஆதரவாளர்

செஞ்சி கடைத்தெருவில் மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையின் மாடியில்தான் அந்த ஆபீஸ் நடந்தது. கீழே ஷட்டரில் போன தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. மேலே பன்னிரண்டு கம்ப்யூட்டர், இரண்டு ஏசி, அதில் ஒன்று ஓடாது. வேட்பாளரை அங்கே எல்லோரும் அண்ணன் என்றுதான் சொன்னார்கள். அண்ணன் அந்த மாடிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார், நாலு மணி நேரம் மைக்கில் பேசிப் பதிவு செய்து கொடுத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் தேவைப்படவில்லை. அவர் குரலைக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டது. தொகுதியில் யார் பேரை அடித்தாலும் அந்தக் குரல் சொந்த மாமன் மாதிரி அன்பொழுகக் கூப்பிடும்.

மஞ்சு அங்கே சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். நாலு வருஷம் வேலை தேடி அலுத்துப்போய், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரத்தில் ஒரு வேலை என்றதும் ஓடி வந்து சேர்ந்தாள். வேலை கஷ்டமில்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு போன் நம்பர், அந்த நம்பருக்கு ஒரு பேஸ்புக் கணக்கு, அதில் அந்த ஆள் போட்ட படம், எழுதிய புலம்பல், யார் யாருக்கு லைக் போட்டார் என்கிற வரைக்கும் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும். ஆள் சரிதானா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பனமலையில் ஒருவர் பசுமாடு செத்ததற்கு இரண்டு நாள் அழுதது மஞ்சுவுக்குத் தெரியும். அவலூர்பேட்டையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் நின்றுபோனது தெரியும். அவர்களுக்கு மஞ்சு யாரென்றே தெரியாது. முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது போல. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் பொறுப்பாளர் தனகோட்டி அவள் போனில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். "எல்லாத்துக்கும் அனுமதி குடுத்துடும்மா. அப்பதான் வேல ஓடும்," என்றார். போனில் இருக்கிற நம்பர்கள், படங்கள், பேஸ்புக் நண்பர்கள் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. மஞ்சு அனுமதி, அனுமதி, அனுமதி என்று அழுத்திக்கொண்டே போனாள். அவளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? வீட்டுக் கதவைத் தட்டினால் யாரு என்று பத்து தடவை கேட்கிற நாம், போனில் மட்டும் தாழ்ப்பாளைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

அவள் போனில் 'தம்பி' என்று ஒரு நம்பர் இருந்தது. எழிலன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனம் ரோட்டில் பைக்கோடு லாரிக்கு அடியில் போனவன். அப்போது அவனுக்கு இருபத்து நாலு.

செத்தவன் நம்பரை ஏன் வைத்திருந்தாள் என்றால், அந்த நம்பர் சாகவில்லை. அம்மா பவுனம்மாள் அதை மாதா மாதம் ரீசார்ஜ் செய்து காப்பாற்றி வந்தாள். கேஸ் புக் பண்ணினாலும் ரேஷன் வாங்கினாலும் தகவல் அந்த நம்பருக்குத்தான் வருகிறது, மாற்ற வேண்டுமென்றால் பத்து ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. நைனா முன்னாலேயே போய்ச் சேர்ந்தவர். இருந்தது தாயும் மகளும் அந்தப் போனும்தான். எழிலனுடைய பேஸ்புக்கும் அதில் திறந்தபடியே கிடந்தது. பிறந்தநாள் வந்தால் கூட்டாளிகள் 'மறக்க முடியல மாப்ள' என்று எழுதுவார்கள், பழைய படத்தைத் தேடிப் போடுவார்கள். கம்ப்யூட்டருக்கு ஒப்பாரி தெரியுமா? இவனை இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், இவன் போன் தினமும் ஓடுகிறது, ஆகவே இவன் இருக்கிறான் என்று அது குறித்துக்கொண்டது.

கம்ப்யூட்டர் இப்படிக் குறித்துக்கொண்டது மஞ்சுவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதுதான் தெரிந்தது. சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு அந்தப் போன் அடித்தது. முதல் மணிக்கே பவுனம்மாள் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழிலா, நல்லா இருக்கியா தம்பி? அண்ணன் பேசறேன். அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்குது? ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு நீ அலைஞ்சது எனக்குத் தெரியும்பா. அம்மாவ நல்லா பாத்துக்கோ. வீட்டுக்கு ஒரு பையன் உன்ன மாதிரி இருந்தா போதும்."

அம்மா முட்டி ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டுமென்று எழிலன்தான் பேஸ்புக்கில் எழுதினான். சாவதற்கு ஆறு மாதம் முன்னால். அதை எங்கிருந்தோ தோண்டி எடுத்து அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடுவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்று கடைசியில் சொன்னது. பவுனம்மாள் ஒன்றை அழுத்தினாள்.

"இன்னாமா இது? எத்தினி நாளா வருது?"

"இருவது நாளா. நாள் தவறாம வருது."

"அது மிஷினுமா. அந்தப் பக்கம் ஆளே இல்ல. எங்க ஆபீஸ்லேர்ந்துதான் வருது."

"மிஷினுதான். எனக்குத் தெரியாதா?" பவுனம்மாள் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் செத்துட்டான்னும் எனக்குத் தெரியும்டி. நாந்தான மஞ்சத்தண்ணி ஊத்தி அனுப்பனேன். ஆனா ஊர்ல என்னப் பாத்தா எல்லாரும் அவன் பேர முழுங்கிடறாங்க. நீயுந்தான். ரெண்டு வருசமா எழிலான்னு ஒரு சனம் கூப்புடல. இது ஒன்னுதான் கூப்புடுது. கூப்புட்டுட்டுப் போவட்டுமே."

அம்மா சொன்னது உண்மை. தம்பி பேரைச் சொன்னால் அம்மா உடைந்துவிடுவாள் என்று பயந்து மஞ்சுதான் முதலில் நிறுத்தினாள்.

மறுநாள் ஆபீஸில் தேடிப் பார்த்தாள். இருந்தான். மலையடிவாரத்தில் பைக் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிற படம். பக்கத்தில்: எழிலன். வயது 26. போன்: பயன்பாட்டில். பலம்: தாய்ப்பாசம். நிலை: உறுதியான ஆதரவாளர். இருபத்து நாலில் நின்றவனுக்கு இங்கே வயது ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கே அவனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அம்மாவுக்காக என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். ஆனால் தினமும் நாலு மணிக்கு அவளும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு தாண்டி இரண்டு நிமிஷத்தில் அவன் பெயர் பச்சையாகும். பதில் வந்தது என்று எழுத்து வரும். அழுத்தினது அம்மாதான் என்று தெரியும். தெரிந்தும் ஒரு விநாடி, தம்பி பதில் சொல்லிவிட்டான் என்று வயிறு குளிரும். அடுத்த விநாடி தன்னை நினைத்தே அவளுக்குப் பயமாகிவிடும்.

வீட்டிலும் நிலைமை முற்றிக்கொண்டு வந்தது. பவுனம்மாள் நாலு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்று நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். போன் வந்தால் 'உம்' கொட்டினாள். பிறகு ஊர்ச் சேதி சொல்ல ஆரம்பித்தாள். இளவட்டங்களுக்கு என்று புதிதாக ஒரு பேச்சு போன வாரம்தான் ஏற்றியிருந்தார்கள். அதையும் மஞ்சு ஒரு லீவு நாளில் காதால் கேட்டாள்.

"எழிலா, இருபத்தாறு ஆச்சே, எப்ப தம்பி கல்யாண சாப்பாடு போடப்போற?" என்றது குரல்.

பவுனம்மாள் சிரித்தாள். இரண்டு வருஷமாக மஞ்சு கேட்காத சிரிப்பு. "அத நீங்களே அவங்கிட்ட கேளுங்க. நான் சொன்னா எங்க கேக்கறான்," என்றாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் திரும்பிப் பார்த்தலை மஞ்சுவால் தாங்க முடியவில்லை. இப்படியே விட்டால் தம்பி போன வழியில் அம்மாவின் புத்தியும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக அவன் பக்கத்தைத் திறந்தாள். 'இறந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. சுடுகாட்டில் ஒரு தடவை, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு தடவை, இப்போது மூன்றாவது தடவை. ஆம் என்று அழுத்திவிட்டு, குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதாள். அக்காவாகப் பிறந்து உனக்கு நான் செய்தது இதுதானாடா என்று அழுதாள். ஆனாலும் நல்லது செய்ததாகவே நம்பினாள்.

அன்றிலிருந்து போன் வரவில்லை.

பவுனம்மாள் நாலு மணிக்கு எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மணி வரை பார்ப்பாள். "சிம்மு இன்னாச்சின்னு பாருடி," என்றாள். டவர் சரியில்லை என்றாள் மஞ்சு. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. "நான் எதுனா தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டாள். நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல மஞ்சுவுக்குத் தைரியம் வரவில்லை. தேர்தல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது தனகோட்டி வந்தார். "செத்தவங்கன்னு நீங்கல்லாம் குறிச்சீங்களே, அத பூத் வாரியா எடுத்துக் குடும்மா. ஓட்டர் லிஸ்ட்டுல பேர் இன்னும் இருக்கறவங்க மட்டும் போதும்."

"இன்னாத்துக்கு சார்?"

"துக்கம் விசாரிக்கத்தான்," என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

மஞ்சுவுக்கு அந்தச் சிரிப்பு புரியாமல் இல்லை. அவர்கள் ஊர் பூத்தில் அப்படிச் செத்தும் பட்டியலில் நின்றவர்கள் பதினோரு பேர். மூன்றாவது பேர் எழிலன். போன வருஷம் பட்டியல் சரிபார்க்க வந்த பெண்ணிடம் பவுனம்மாள், பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான் என்று சொல்லி, படிவத்தில் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏமாற்ற வேண்டுமென்றில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்படித்தான் அவன் பேர் தங்கியது. மஞ்சு அந்த மூன்றாவது வரியை மட்டும் அழித்துவிடலாமா என்று பார்த்தாள். தனகோட்டி முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். செத்தவன் பேரில் இனி என்ன கெட்டுவிடப் போகிறது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள்.

தேர்தல் அன்று பத்து மணிக்கு இரண்டு பேரும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வெயில் அப்போதே கொளுத்தியது. மஞ்சு முன்னால் நின்றதால் முதலில் போட்டுவிட்டு வெளியே வந்து, புங்கமர நிழலில் அம்மாவுக்காக நின்றாள். பத்து நாளாக அரைவயிறு சாப்பிட்டு, எதிர்க் காற்றுக்குத் தள்ளாடுகிற மாதிரி உள்ளே போனவள் பவுனம்மாள். வெளியே வரும்போது வேறு ஆளாக வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"மஞ்சு, அவன் வந்துட்டுப் போயிருக்கான்டி."

"யாருமா?"

"நம்ம எழிலந்தான். உள்ள நோட்டு வச்சிருந்த அந்தம்மா என் பேரத் தேடிச்சி. தேடிட்டு சொல்லுது, உங்க வூட்டு எழிலன் காலைல மொதல் ஆளாவே போட்டுட்டாரே, நீங்க ஏம்மா இவ்ளோ நேரம்னு. அவன் பேருல கோடு கூடப் போட்டிருந்தாங்க. நான் பாத்தேன்."

எவனோ ஒருத்தன், தம்பி வயசில் எவனோ, மஞ்சு அச்செடுத்துக் கொடுத்த தாளிலிருந்து அந்தப் பேரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, நான்தான் எழிலன் என்று சொல்லி, விரலை நீட்டி மை வைத்துக்கொண்டு போயிருக்கிறான். அதைச் சொல்லிவிட வேண்டும். அது நம்ம எழிலன் இல்லைம்மா, தாளைக் கொடுத்தது நான், போனை நிறுத்தினதும் நான். வாயைத் திறந்தாள்.

"இன்னா சட்ட போட்டிருந்தான்னு கேட்டேன்," என்றாள் பவுனம்மாள். "அந்தம்மாவுக்கு ஞாபகம் இல்லியாம்."

"அம்மா..."

"இளைச்சிருந்தானான்னு கேட்டேன். பின்னால நிக்கறவங்க தள்ளுறாங்க, போங்கம்மான்னுட்டாங்க." பவுனம்மாள் கையை நெற்றியில் வைத்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஏழு மணிக்குன்னா ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான். நீ பஸ் நிக்கற எடத்துல போய்ப் பாரு. சாப்டாமத்தான் வந்திருப்பான்."

"அம்மா, நில்லுமா. நான் சொல்றதக் கேளு."

பவுனம்மாள் நிற்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தடவிக்கொண்டே வெயிலில் இறங்கி நடந்தாள்.

"எங்க நிக்கறது? வூடு பூட்டிக் கெடக்குதுடி. அவன் வந்து பாத்துட்டுத் திரும்பிடப் போறான்."